துப்பறியும் மங்க்: நம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் ஒரு வீட்டின் மாடி அறையில், ஞாயிறுதோறும் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருபது பேர் வரை கூடி 'மங்க்' என்ற அமெரிக்கத் துப்பறியும் நகைச்சுவைத் தொடரைப் பார்த்து வருகிறோம். ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம் என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களும் சேர்ந்துகொள்வதால் படிக்கட்டு வரை ஆள் உட்கார்ந்திருக்கும். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கும் வேலை என்னுடையது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஏறத்தாழ அதே ஐயங்களையே கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, என்னால் இயன்ற விடைகளுடன் தொகுத்திருக்கிறேன்.

இது எதப் பத்தின தொடர் சார்? சுருக்கமாச் சொல்லுங்க.

ஏட்ரியன் மங்க் என்பவர் சான் பிரான்சிஸ்கோ காவல்துறையில் கொலை வழக்குகளைத் துப்பறிந்த அதிகாரி. பத்திரிகையாளரான அவருடைய மனைவி ட்ரூடி 1997 டிசம்பரில் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து இறந்துபோகிறார். சிறு வயது முதலே மங்க்கிடம் இருந்த எண்ணச் சுழற்சி நோய் அந்த அதிர்ச்சியில் முற்றிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடக்கிறார், வேலையும் போய்விடுகிறது. பிறகு ஷரோனா என்ற செவிலியரின் துணையோடு மெல்ல வெளியே வந்து, தன்னைப் பணியிலிருந்து நீக்கிய அதே காவல்துறைக்கு ஆலோசகராக வழக்குகளைத் தீர்த்துக் கொடுக்கிறார். அவரால் தீர்க்க முடியாத ஒரே வழக்கு மனைவியின் கொலைதான்.

2002 ஜூலை 12 அன்று தொடங்கி 2009 டிசம்பர் 4 வரை எட்டுப் பருவங்களில் 125 அத்தியாயங்கள் வந்தன. மங்க்காக நடித்த டோனி ஷலூப் லெபனான் வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்த வேடத்துக்காக 2003, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் நகைச்சுவைத் தொடரின் சிறந்த நடிகருக்கான எம்மி விருதைப் பெற்றார்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. வந்து உக்காந்தா வெளங்குமா?

விளங்கும். நம் கரைக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபோது, சென்னைத் தொலைக்காட்சி எட்டாத இந்த ஊர்களில் மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டிக் கிழக்கே திருப்பி வைத்துப் பார்த்தோம். சிங்கள நாடகத்தில் ஒரு சொல்லும் புரியாது. ஆனால் யார் பொய் சொல்கிறார், யார் அழுகையை அடக்குகிறார் என்பதை முகத்தை வைத்தே எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். மங்க் தொடரில் முக்கியமான பலவும் அவருடைய விரல்களில்தான் நடக்கின்றன.

துப்பறியிறதுல காமெடி எங்கேர்ந்து வருது? நம்ம சாம்பு மாதிரியா?

தேவன் எழுதிய சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. அவருக்குத் துப்பறியத் தெரியாது. தடுக்கி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான், இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்துபோவார். அறிவு இல்லாதவனுக்கு அதிர்ஷ்டம் துணை நிற்பதைப் பார்த்து நாம் சிரித்தோம். மங்க்கின் நிலை இதற்கு நேர் எதிர். பிணத்தருகே கிடக்கும் செருப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரை அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் கூட்டம், உயரம், பாம்பு, ஊசி, பால் என்று அவருக்கு நூற்றுக்கணக்கான அச்சங்கள் உண்டு. கொலைகாரனை அறிந்த மனிதரால் அவன் தொட்ட கதவுக் கைப்பிடியைத் தொட முடியாது. தன் கூர்மையைப் பற்றி அவரே அடிக்கடி சொல்வது, இது வரமும் சாபமும் என்பதுதான்.

இந்த வேறுபாட்டில் ஒரு சமூக மதிப்பு இருக்கிறது. சாம்புவைப் பார்க்கும்போது, உலகம் எப்படியாவது நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நடுத்தர வீட்டு நம்பிக்கை தெரிகிறது. குறையுள்ள மனிதனுக்கும் அவனால் மட்டுமே முடிகிற ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஊர் இடம் விட வேண்டும் என்ற எண்ணத்தின் மீது மங்க் தொடர் நிற்கிறது. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் நம் கரைக்கு இரண்டாவது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

அடிக்கடி கை கழுவுறது நல்ல பழக்கந்தானே? அத ஏன் நோய்ண்டு சொல்றாங்க?

கருவாடு புரட்டிய கையைச் சோற்றுக்கு முன் கழுவுவது பழக்கம். கழுவிய கை சுத்தமாகிவிட்டது என்று அறிவு சொன்ன பிறகும் மனம் ஒப்பாமல், தோல் வெடிக்கும் வரை கழுவுவது நோய். வேண்டாத எண்ணம் ஒன்று வலிய வரும். அதனால் பதற்றம் உண்டாகும். கழுவினால், எண்ணினால், மறுபடி சரிபார்த்தால் பதற்றம் சற்றுத் தணியும். தணிந்த சிறிது நேரத்தில் அதே எண்ணம் திரும்ப வரும். இந்தச் சுழற்சியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, அன்றாட வாழ்வு கெடுகிறதா என்பதை மருத்துவர்கள் ஓர் அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

தொடரின் முதல் காட்சியிலேயே இதைப் பார்க்கலாம். கொலை நடந்த வீட்டில் நின்று தடயங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வரும் மங்க், நடுவில் தன் வீட்டு அடுப்பை அணைத்தேனா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா சிரிக்கவில்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கத் தெருமுனை வரை போய் மூன்று முறை திரும்புவது தன் வழக்கம் என்றும், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது என்றும் பிறகு என்னிடம் சொன்னார்.

எங்க வாப்பாவும் ஒளு செஞ்சது கூடுச்சா கூடலையாண்டு திரும்பத் திரும்பச் செய்வாக. அதுவும் இதுதானா? பேணுதல் இல்லையா?

நேரில் பார்க்காமல் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று நானோ நீங்களோ சொல்ல முடியாது. ஆனால் பேணுதலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். இதற்கு 'வஸ்வாஸ்' என்று பெயரிட்டு, ஐயத்தால் ஒளுவை, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்று மார்க்க அறிஞர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். உறுதியானதை ஐயம் நீக்காது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர், உடல் உள்ளம் இரண்டின் நலத்தையும் பற்றி எழுதிய நூலில், விடாமல் துரத்தும் எண்ணங்களைத் தனி நோயாகவே பிரித்துப் பேசியிருக்கிறார்.

மடி, ஆசாரம் பார்க்கும் வீடுகளிலும் இதே சிக்கல் உண்டு. இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி வந்த பிறகும் மனம் ஆறாமல் தவித்த ஒருவரை நான் அறிவேன். பக்தி ஒரு மனிதரை அமைதிப்படுத்த வேண்டும். செய்யச் செய்யப் பதற்றம் கூடுமானால், மருத்துவரிடம் போவது பக்திக்குக் குறைவாகாது.

கை குலுக்கிட்டு உடனே தொடைக்கிறாரே, அது தீட்டுப் பாக்கிற மாதிரி இல்லையா? எனக்குப் பாக்கவே கசக்குது.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் கேட்டது இது. எங்கள் அறையில் எழுந்த கேள்விகளில் என்னை அதிக நாள் யோசிக்க வைத்ததும் இதுதான். அமெரிக்கப் பார்வையாளருக்கு மங்க் கையை நீட்டியதும் ஷரோனா ஈரக் காகிதத்தை எடுத்துக் கொடுப்பது வெறும் நகைச்சுவை. இரட்டைக் குவளையைக் கண்ட மாவட்டத்தில் பிறந்தவருக்குத் தொட்ட கையைத் துடைப்பது ஒரு வரலாறு. தன் பாட்டனிடம் காசை வாங்காமல் தரையில் வைக்கச் சொன்ன கடையை நினைத்துக்கொண்டுதான் அவர் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார்.

வேறுபாடு உண்டு. மங்க் காவல் தலைவருக்குக் கை கொடுத்தாலும் துடைப்பார், பிச்சைக்காரருக்குக் கொடுத்தாலும் துடைப்பார். தான் செய்வது எதிரில் நிற்பவரைப் புண்படுத்தும் என்று அவருக்குத் தெரியும்; தெரிந்தும் நிறுத்த முடியாமல் கூசிப்போகிறார். தீண்டாமையில் கூச்சம் கிடையாது; யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்ற கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கும். நோயாளி தன் கையையே நம்புவதில்லை. தீட்டுப் பார்ப்பவர் அடுத்தவர் கையை மட்டுமே நம்புவதில்லை. இப்படி விளக்கிவிட்டேனே தவிர, அந்தக் காட்சி அவருக்குக் கசந்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கசப்பை அந்தத் தொடரை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழவு வீட்ல நிண்டுக்கிட்டுச் சிரிக்க வைக்கிறது சரியா?

தெருக்கூத்தில் மன்னன் மாண்டு கிடக்கும்போதும் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். நம் ஊர்களில் பெரிய வயதில் இறந்தவரைத் தூக்கிப் போகும்போது கொட்டும் ஆட்டமும் உண்டு. துயரத்துக்கு அருகில் சிரிப்பு நிற்பது நமக்குப் புதியதன்று. இந்தத் தொடர் இறந்தவரைக் கேலி செய்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிணத்தின் முன் எல்லோரும் அவசரப்படும்போது, இறந்தவர் கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்தப் புத்தகத்தை எங்கே மடித்து வைத்தார் என்று நின்று பார்ப்பவர் மங்க் ஒருவர்தான்.

நோயாளியப் பாத்துத்தானே சார் சிரிக்கிறோம்? அது பாவமில்லையா?

நகைச்சுவை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றில் எள்ளல் ஒன்றுதான் அடுத்தவரைத் தாழ்த்திச் சிரிப்பது. விளையாட்டாகச் சிரிக்கும்போதுகூட இகழ்ச்சி துன்பம் தரும் என்று வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில் எச்சரிக்கிறார். ஆகவே சிரிக்கலாமா என்று கேட்பதைவிட, இப்போது வந்தது எந்தச் சிரிப்பு என்று கேட்பது பயன் தரும். அறையில் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறோம். பலத்த சிரிப்பு எழுந்தால் காட்சியை நிறுத்தி, எதற்குச் சிரித்தோம் என்று ஒருவராவது சொல்ல வேண்டும்.

தட்டில் ஒரு கறி இன்னொரு கறியைத் தொடக்கூடாது என்று மங்க் பிரித்து வைக்கும்போது வருவது இளமைச் சிரிப்பு. நம் வீட்டுக் குழந்தையை நினைத்துச் சிரிக்கிறோம். மெக்சிகோவுக்குப் போகும் அத்தியாயத்தில், தாம் வழக்கமாகக் குடிக்கும் பாட்டில் தண்ணீர் கிடைக்காமல் நா வறண்டு தள்ளாடுகிறார். முதல் ஐந்து நிமிடம் சிரித்தோம். அதற்குப் பிறகும் தொடர் அதையே நகைச்சுவையாக நீட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடையில் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கும் ஊரில் அது இன்னும் உறைத்தது. அந்த இடத்தில் தொடர் எள்ளலுக்குள் வழுக்கிவிட்டது என்பதே என் முடிவு. 125 அத்தியாயங்களில் இப்படி வழுக்கிய இடங்கள் சில இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் மங்க்கைப் பார்த்துச் சிரிப்பவன் கொலைகாரனாக இருப்பான், கடைசியில் அவன்தான் பிடிபடுவான்.

ஏர்வாடியப் பத்தியும் இதப் பத்தியும் ஏன் ஒண்ணாவே பேசுறீங்க? அது வேற, இது வேற இல்லையா?

மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் நோயாளிகளை அழைத்துவரும் தர்கா உள்ள ஊர் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அங்கே தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது.

அந்தத் தீ எரிந்து ஓர் ஆண்டு நிறைவதற்குள் மங்க் தொடர் அமெரிக்காவில் தொடங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நம் கரையில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒரே காலத்தில், ஓரிடத்தில் மனநோயாளி ஒருவர் சட்டைக் காலர் வரை பொத்தான் போட்டு, வழக்குகளைத் தீர்த்து, ஊர் மதிக்கும் மனிதராகத் திரையில் நடமாடுகிறார். இன்னோர் இடத்தில் மனநோயாளிக்குப் பெயர்கூடக் கேட்கப்படவில்லை. மங்க்குக்குக் கிடைத்தவை பெரிய அதிசயங்கள் அல்ல. வாரந்தோறும் பேச ஒரு மருத்துவர், கூட வர ஓர் ஆள், செய்ய ஒரு வேலை, கோபித்தாலும் கைவிடாத ஒரு பழைய நண்பர், அவ்வளவுதான்.

தர்காவுக்கு வருவோரின் நம்பிக்கையைக் குறை சொல்வதற்காக நான் இதைப் பேசவில்லை. மருந்தும் துஆவும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி இன்று அங்கே மனநல மருத்துவர்கள் வருகிறார்கள். ஏர்வாடியிலிருந்து எங்கள் அறைக்கு வருபவர்களே இதை என்னைவிட அழுத்தமாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பொம்பளைக்கு என்ன வேலை? டிஷ்யூ எடுத்துக் குடுக்கவா சம்பளம்?

ஷரோனா கணவனைப் பிரிந்து மகன் பென்ஜியைத் தனியாக வளர்ப்பவர். மூன்றாம் பருவத்தில் அவர் போன பிறகு வரும் நேட்டலி, போரில் இறந்த கடற்படை விமானியின் மனைவி, அவருக்கு ஜூலி என்று ஒரு மகள். இருவரும் சம்பளத்துக்காக மங்க்கிடம் மன்றாடுகிறார்கள். அவரோ கணக்குப் பார்ப்பதில் கடுமையானவர். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெண்களே செய்வதும், அதற்குக் கூலி கேட்டால் ஊர் முகம் சுளிப்பதும் அங்கேயும் இருக்கிறது என்பதை இந்தச் சண்டைகள் காட்டுகின்றன. ஏர்வாடித் தெருவில் நோயுற்ற மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தண்ணீர்ப் போத்தலும் முந்தானையில் முடிந்த மாத்திரைச் சீட்டுமாக நடக்கும் தாய்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களைப் பற்றி எந்தத் தொடரும் வந்ததில்லை.

இதில் மருத்துவ நோக்கில் ஒரு தவறும் உண்டு. கேட்டபோதெல்லாம் ஈரக் காகிதத்தை நீட்டினால், நோயாளிக்கு அந்த நேரம் நிம்மதி. நோய்க்கோ அது தீனி. அன்பினால் செய்கிற இந்த உதவியை மெல்லக் குறைக்கும்படிதான் மருத்துவர்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பொஞ்சாதி செத்து இத்தன வருசம் ஆச்சு. ஏன் மறு கல்யாணம் பண்ணல?

நம் ஊரில் மனைவியை இழந்த ஆணுக்கு நாற்பது நாள் கழிவதற்குள் பெண் பார்ப்பார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு அந்தப் பேச்சை எடுப்பவர் குறைவு. தொடரில் இது தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். மங்க் ட்ரூடியின் தலையணையைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறார். நேட்டலியோ கணவனை மறக்காமலே சிரிக்கிறார், நல்ல உடை உடுத்துகிறார், ஆண்களோடு வெளியே போகிறார். அதற்காக அவரை யாரும் குறை சொல்வதில்லை. எங்கள் அறைக்கு வரும் பெண்கள் அதிகம் பேசுவது மங்க்கைப் பற்றி அல்ல, நேட்டலியைப் பற்றி.

தங்கச்சிமடத்திலிருந்து வரும் ஒரு பெண் வேறொன்றைச் சொன்னார். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் செய்தி எதுவும் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஏழு ஆண்டும் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. யார் கொன்றார் என்று தெரியாததால் மங்க்கால் முழுதாக அழ முடியவில்லை என்பதை எங்களுக்கு விளக்கியவர் அவர்தான். நான் அதுவரை அதை ஒரு கதை உத்தி என்றே எண்ணியிருந்தேன்.

அந்த அண்ணன்காரர் வீட்ட விட்டே வெளிய வர மாட்டேங்கிறாரே, அவருக்கு என்ன?

இரண்டாம் பருவத்தில் வரும் ஆம்ப்ரோஸ், வெளியே கால் வைக்கவே அஞ்சும் நோயுள்ளவர். ட்ரூடி இறந்த பின் தம்பியிடம் அவர் பேசவே இல்லை. தனக்கு இருமல் மருந்து வாங்கித் தருவதற்காகப் போனபோதுதான் ட்ரூடி இறந்தார் என்ற குற்ற உணர்ச்சியே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரிகிறது. துட்டிக்கு வராத உறவை நாம் ஆயுளுக்கும் தள்ளி வைத்துவிடுவோம். வராததற்கு இப்படியும் காரணம் இருக்கலாம் என்று காட்டியதற்காக அந்த அத்தியாயத்தை எல்லோரும் பார்க்க வேண்டும்.

போலீஸ் இப்படியா நடந்துக்கும்? கோர்ட்ல இது நிக்குமா?

நம் நாட்டில் நிற்காது. பல அத்தியாயங்களின் முடிவில் 'நடந்தது இதுதான்' என்று மங்க் விவரிக்க, கொலைகாரன் அதிகாரிகள் முன்பே ஒப்புக்கொள்வான். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை இந்தியச் சாட்சியச் சட்டம் 1872 முதலே ஏற்றதில்லை. இப்போதைய சட்டமும் அப்படியே. அடித்து வாங்கிவிடுவார்கள் என்ற அச்சமே அந்த விதிக்குக் காரணம். மங்க் யாரையும் அடிப்பதில்லை, தடயத்தை வைத்தே பேசுகிறார் என்பதை மட்டும் எங்கள் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாத்திர போட்டா மூள மங்கிப் போகும்ண்டு ஒரு எபிசோடுல காட்டுறாங்களே, அது உண்மையா?

மூன்றாம் பருவத்தில் அப்படி ஓர் அத்தியாயம் உண்டு. மாத்திரை சாப்பிட்டதும் மங்க்கின் அச்சங்கள் மறைகின்றன. கூடவே துப்பறியும் கூர்மையும் போய்விடுகிறது. பூப்போட்ட சட்டையோடு ஊர் சுற்றும் ஆளாகிறார். ட்ரூடி தன்னோடு இருக்கிறாள் என்ற உணர்வும் அற்றுப்போக, மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மருந்தின் பெயரே கற்பனை. கதையாக அது மனத்தைத் தொடும். ஆனால் நம் கரையில் இந்த ஒன்றை மட்டும் முன்னுரை இல்லாமல் நான் போடுவதில்லை, ஏனென்றால் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் காரணம் தேடும் வீடுகள் இங்கே நிறைய இருக்கின்றன.

உண்மையில் இந்த நோய்க்கான மருந்துகள் அறிவை எடுத்துவிடுவதில்லை. பலன் தெரியவே எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். பக்க விளைவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தக்கூடாது. அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, கழுவாமலும் சரிபார்க்காமலும் பதற்றம் தானே அடங்கும் வரை பொறுத்திருக்கப் பழக்கும் பயிற்சியும் உண்டு. மேலே சொன்ன அடுப்பு அம்மா இப்போது அதைத்தான் செய்து வருகிறார். ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அவருக்கான முதல் படி.

கடைசியில அந்தப் பொண்ணு பத்தித் தெரிஞ்ச பிறகும் அவர் எப்படி ஏத்துக்கிறார்? நம்ம ஆளுக ஏத்துக்குவாகளா?

முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்த விடையைத் தாண்டிச் செல்லலாம். ட்ரூடி இறந்த அன்று விட்டுச்சென்ற கிறிஸ்துமஸ் பரிசைப் பன்னிரண்டு ஆண்டுகள் பிரிக்காமல் வைத்திருக்கிறார் மங்க். கடைசி அத்தியாயத்தில் பிரிக்கிறார். உள்ளே ஒரு காணொளி நாடா. தன்னைச் சந்திப்பதற்கு முன் ட்ரூடிக்கு வேறொருவரோடு உறவு இருந்ததும், ஒரு பெண் குழந்தை பிறந்ததும், அந்த மனிதர்தான் இன்று நீதிபதியாக இருக்கும் கொலைகாரர் என்பதும் தெரிகின்றன. இறந்துவிட்டதாக ட்ரூடியிடம் சொல்லப்பட்ட அந்தக் குழந்தை, மோலி என்ற பெயரில் உயிரோடு வளர்ந்து நிற்கிறாள்.

இந்த இடத்தில் அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. மறைத்தது துரோகம் என்றார்கள் சிலர். மங்க் மனத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. அவர் மோலியின் முகத்தில் ட்ரூடியைத்தான் பார்க்கிறார். பன்னிரண்டு ஆண்டு துக்கத்துக்குக் கிடைத்த விடையாக அவளை மகளாகவே வைத்துக்கொள்கிறார். நம்மவர்கள் ஏற்பார்களா என்று கேட்டால், வெளியில் சொல்லாமல் ஏற்று வளர்த்த பெரியவர்கள் நம் ஊர்களிலும் இருந்திருக்கிறார்கள். பெண்ணின் கடந்த காலத்தைக் கொண்டு அவளை அளக்கும் வழக்கத்தை இந்த முடிவு ஒரு சொல்கூட உபதேசமாகச் சொல்லாமல் கேள்வி கேட்கிறது. அதனால்தான் அன்று இரவு பத்து மணி வரை யாரும் எழுந்து போகவில்லை.

2023-ல வந்த படத்தையும் குடும்பத்தோட பாக்கலாமா?

பார்க்கலாம், ஆனால் முன்னறிவிப்போடு. 2023 டிசம்பர் 8 அன்று வந்த அந்தப் படத்தில் மோலியின் திருமண ஏற்பாடு வருகிறது. கொரோனாக் காலத்துக்குப் பின் நோய் முற்றிய மங்க் தன் உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு இருக்கிறார். அத்தகைய எண்ணம் உள்ளவர் யாரேனும் அருகில் இருந்தால், படத்தைவிட முதலில் தேவைப்படுவது பேச்சு. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காக. அவரக் கூட்டிக்கிட்டு வரலாமா? இல்ல, வருத்தப்படுவாரா?

முதலில் அவரிடமே கேளுங்கள். நோயாளியைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. வருகிறேன் என்றால் அண்ணன் ஆம்ப்ரோஸ் வரும் அத்தியாயத்திலிருந்து தொடங்குவது நல்லது. மெக்சிகோ அத்தியாயமும் மாத்திரை அத்தியாயமும் பிறகு இருக்கட்டும். பார்த்த பின் அவரை 'மங்க்' என்று பட்டப் பெயரிட்டு அழைக்காதீர்கள். ஒரு வீட்டில் அன்பாகத்தான் அப்படி அழைத்தார்கள். அந்தப் பையன் அதன் பிறகு வரவே இல்லை.

மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் சிரிக்காவிட்டால் தட்டிக் கேட்காதீர்கள். நடுவில் எழுந்து கை கழுவப் போனால் பின்னால் போகவும் வேண்டாம். எந்த ஞாயிறு வருகிறார் என்று முன்கூட்டிச் சொன்னால், கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரத்து நாற்காலியை அவருக்காக ஒதுக்கி வைக்கிறோம். கைகழுவும் தொட்டியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.